பூந்தமல்லி ரோட்டில் பன்னிரண்டு பேர்: ஒரு திடலுக்காக மூன்று சக்கரத்தில் போன கதை

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்குக் கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் போக முடியுமா என்று போன மாதம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும். நானே போயிருக்கிறேன். அதுவும் பெருமழைக்கு மறுநாள், வழியில் கூவத்தைக் கடந்து, இன்னும் பதினோரு பேரோடு. போனது 1994 நவம்பரில். பதிலை ஒரு வரியில் எழுதியிருக்கலாம்தான். ஆனால் அந்தப் பயணத்தை ஒரு வரியில் முடித்தால் கூட வந்தவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆகவே முழுசாகச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் 'கலா எஸ்.டி.டி. பூத்' என்று என் பெயரிலேயே ஒன்று நடத்திக்கொண்டிருந்தேன். கைக்குழந்தையாக இருக்கும்போதே போலியோ வந்து இரண்டு காலும் ஓய்ந்துவிட்டன. மாற்றுத்திறனாளி என்ற சொல்லெல்லாம் அப்போது புழக்கத்தில் இல்லை. அரசுக் காகிதத்தில் ஊனமுற்றவர் என்று இருக்கும், தெருவில் கூப்பிட்டதை இங்கே எழுத விருப்பமில்லை. வீட்டைத் தாண்டி எங்கே போனாலும் வண்டியில்தான் போவேன், வண்டியிலேயே இருப்பேன். வெளியாட்கள் பார்க்கத் தரையில் இறங்கிக் கையூன்றி நகர்வதில்லை என்று ஒரு வைராக்கியம். திமிர் என்றும் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அதற்கு ஒரே விதிவிலக்கு எங்கள் திடல். அங்கே நாங்கள் எறிபந்து ஆடுவோம். எல்லோரும் ஆடும் எறிபந்துதான், ஒரே வித்தியாசம், தரையில் உட்கார்ந்துதான் ஆட வேண்டும். வலையும் உட்கார்ந்தவர் உயரத்துக்குத்தான். பந்தைப் பிடி, எறி, ஆனால் தரையை விட்டு எழும்பினால் புள்ளி போச்சு. பன்னிரண்டு பேரில் ஐந்து பேருக்குக் கால் சரியில்லை. மூன்று பேர் வண்டிக்காரர்கள், இரண்டு பேர் அக்குள் கட்டை ஊன்றி நடப்பவர்கள். மீதி ஏழு பேர் நன்றாக நடப்பவர்கள், ஓடுபவர்கள். புதிதாக வரும்போது அவர்கள்தான் திணறுவார்கள். காலை எங்கே வைப்பது என்றே தெரியாமல் முழிப்பார்கள், பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

குழுவின் தலைவன் தேவராஜ். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டி வலது கையில் நான்கு விரலைக் கொடுத்தவன். அப்புறம் டூல் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பார்க்கப் போனால் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் விரலை எண்ணுவார்கள் என்று ஒரு கேலி உண்டு. தேவராஜும் அதைச் சொல்லிச் சிரிப்பான். வலது உள்ளங்கையால் பந்தைத் தடுத்து இடது கையால் எறிவான், பந்து குண்டு மாதிரி வரும். இன்னொருவர் கன்னியம்மா அக்கா. முன்பு நாற்று நட்டுக்கொண்டிருந்தவர். வயல்கள் மனை ஆனதும் கம்பெனி வாசலில் இட்லி விற்க ஆரம்பித்தார். கை கால் எல்லாம் திடமாக உள்ளவர். "நாள் முச்சூடும் நின்னுகினே கீறேன். ஒக்காந்து ஆடற ஆட்டம்னா சொல்லு, நான் வரேன்" என்று சேர்ந்தவர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஊர் மக்கள் எல்லோரும் கலந்து ஆடும் திடல்களுக்கு மாவட்ட விளையாட்டு நிதியிலிருந்து அரசு பணம் கொடுக்கும் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டோம். எங்கள் அதிர்ஷ்டம், கிடைத்தது. இரண்டு தவணை. முதல் தவணையில் சிமென்ட் தரை போட வேண்டும். அதிகாரி வந்து பார்த்து, எல்லாத் தரப்பினரும் இங்கே ஆடுகிறார்கள் என்று கையெழுத்துப் போட்டால் இரண்டாம் தவணை வரும். அதில் சாய்தளம், கழிப்பறை, சுற்றுச்சுவர். பணத்தைவிடப் பெரிய விஷயம், அந்தக் கையெழுத்து விழுந்தால் அந்த இடமே விளையாட்டுத் திடல் என்று பதிவாகிவிடும். விழாவிட்டால் லாரி ஸ்டாண்ட். லாரிக்காரர்கள் ஏற்கெனவே வந்து அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு வேறு ஆடுமிடம் கிடையாது. அந்த நாற்பதடிச் சிமென்ட் போனால் நான் மறுபடி பூத்துக்குள் உட்கார்ந்து அடுத்தவர் பேசும் நிமிடங்களை எண்ண வேண்டியதுதான்.

தரையை நாங்களே போட்டோம். அங்கேதான் கோட்டை விட்டோம். தேவராஜும் அவன் சிநேகிதர்களும் ஒரு முடி கனத்தில் பத்தில் ஒரு பங்கை அளக்கும் ஆட்கள். கொத்தனாரைக் கிட்டே சேர்க்கவில்லை. டியூபில் தண்ணீர் விட்டு மட்டம், ரசமட்டம், அதற்கு மேல் கம்பெனியிலிருந்து இரவல் வாங்கிய கருவிகள் என்று பதினைந்து நாள் தவம். முடிந்ததும் ஊரைக் கூட்டி நடுவில் ஒரு கோலிக்குண்டை வைத்தார்கள். அது எந்தப் பக்கமும் உருளவில்லை. எல்லோரும் கை தட்டினோம், நான்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினேன். கோலியே உருளாத தரையில் மழைத் தண்ணீர் எங்கே ஓடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்தது. ஓரத்தில் ஒரு செங்கல் வரிசை வேறு கட்டியிருந்தோம். திடல் அச்சு அசலாகக் குளமானது, தவளை வந்துவிட்டது.

அதிகாரி அம்மா அன்றைக்குத்தான் வந்தார். வாளியும் துடைப்பமுமாக நாங்கள் மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கிறோம், மேலே மழை அதைவிட வேகமாகக் கொட்டிக்கொண்டிருக்கிறது. குடையைப் பிடித்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும், கண்டிப்பான முகம்.

"திடல் எங்கே?" என்றார்.

"இதான்மா" என்றான் தேவராஜ். கையிலிருந்த வாளியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"இதுல என்ன விளையாடறீங்க, நீச்சலா?"

கிண்டல் செய்தாலும் நியாயமானவர் என்பதை அப்புறம் புரிந்துகொண்டேன். அவருடைய சிக்கலைத் திறந்து சொன்னார். பணம் இரண்டு தலைப்பில் இருக்கிறது. ஒன்று ஊனமுற்றோர் நலம், இன்னொன்று பொது விளையாட்டு. மனுவோடு வைத்த படத்தில் எங்கள் வண்டிகளைப் பார்த்துவிட்டு மேலே இருப்பவர்கள் முதல் தலைப்பில் தள்ளச் சொல்கிறார்கள். தள்ளினால் கோப்பு வேறு துறைக்குப் போகும், எல்லாம் முதலிலிருந்து, அதற்குள் லாரி வந்து நின்றுவிடும். "பொது"வில் எழுத வேண்டுமென்றால் எல்லோரும் சேர்ந்து ஆடுவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். "இது ஊனமுற்றவங்க ஆடறதை மத்தவங்க வேடிக்கை பார்க்கிற இடமா, இல்ல நிஜமாவே எல்லாரும் ஆடற இடமா? நான் பார்க்காம எழுத மாட்டேன்" என்றார். மறுநாள் மாலை கோப்பு காஞ்சிபுரம் போகிறது. காலையில் பூந்தமல்லியில் ஒரு பள்ளி மைதானத்தில் வேறு வேலையாக இருப்பார், பன்னிரண்டு மணிக்கு அங்கிருந்து காஞ்சிபுரத்துக்குக் கிளம்பிவிடுவார்.

"அங்க வந்து ஆடிக் காட்டறோம்மா" என்றேன். வாயிலிருந்து அதுவாக வந்துவிட்டது.

என் வண்டியை ஒரு பார்வை பார்த்தார். "பூந்தமல்லி இங்கேருந்து எவ்வளவு தூரம் தெரியுமா?"

"இருபது கிலோமீட்டர். அங்க எங்க சித்தி ஊடு கீது." சித்தி வீடு உண்மை. வண்டியில் போயிருக்கிறேன் என்றா சொன்னேன்?

ஏன் பஸ்ஸில் போகவில்லை என்று கேட்பீர்கள். மூன்று சக்கர வண்டியை எந்த பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள். வண்டியை விட்டுவிட்டு நாலு பேர் என்னைத் தூக்கி ஏற்றி, தூக்கி இறக்கி, அதிகாரி முன்னால் மூட்டை மாதிரி வைப்பதற்கு நான் சம்மதிக்கவில்லை. ஆக, வண்டிக்காரர் மூவரும் வண்டியில். நடக்கிறவர்களில் ஐந்து பேர் சைக்கிளில். வலை, இரும்புக் கம்பங்கள், கட்டை ஊன்றும் இருவர், இட்லிப் பானையோடு கன்னியம்மா அக்கா, இவ்வளவும் எங்கள் பக்கத்தில் வாடகைக்குச் சரக்கு ஏற்றும் ஏழுமலையின் மீன்பாடி வண்டியில். மெட்ராஸ்காரர்களுக்குத் தெரியும், முன்னால் பலகைத் தட்டு, பின்னால் ஓட்டுகிறவர், டப டபவென்று ஒரு பழைய மோட்டார். ஒரு நாள் வாடகை பெட்ரோலோடு நூற்றைம்பது ரூபாய். எண்ணிப் பார்த்தால் ஒரு ஆள் குறையும். அந்த ஆள் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த பேச்சியம்மாள். அவரை வழியில் ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினோம். மழை விட்டிருந்தது. கள்ளிக்குப்பத்திலிருந்து அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் மூன்று கிலோமீட்டர், ரோடு முழுக்கப் பள்ளம், பள்ளம் முழுக்கத் தண்ணீர். எது ஆழம் என்று தெரியாது. கைவண்டி ஓட்டுகிறவர்களுக்கு நான் கண்டுபிடித்த யுக்தி: முன்னால் போகும் சைக்கிள்காரர் எங்கே துள்ளுகிறார் என்று பார்த்துக்கொண்டே போங்கள். ஓ.டி.யில் முதல் ஷிஃப்டுக்குப் போகும் கூட்டம் எங்களை வழிமறித்துக் கேட்டது.

"இன்னா மாமே, ஊர்வலமா? எந்தக் கட்சி?"

"உக்காந்த கட்சி" என்றான் தேவராஜ். அதற்கு விசில் வேறு அடித்தார்கள்.

அங்கிருந்து திருவள்ளூர் ரோடு நல்ல ரோடு. திருமுல்லைவாயில் தாண்டி ஆவடி வரை ஏழு கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம். ஏழரைக்கு ஆவடி பஸ் ஸ்டாண்டில் இட்லிப் பானையைத் திறந்தோம். டீ ஒன்று ஒன்றேகால் ரூபாய். பேச்சியம்மாள் அங்கே காத்திருந்தார். கணவர் டிஃபன்ஸ் ஃபாக்டரியில் வேலை, திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். ஆறடிக்கு ஒரு விரல் குறைவான உயரம், பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கியவர். "எத்தன மணிக்கு வாரேன்னு சொன்னிய, எத்தன மணிக்கு வந்திருக்கிய?" என்று சண்டை பிடித்துவிட்டு என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு கொப்புளம் வந்திருந்தது. தன் முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டார். புதுச் சேலை, நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி பத்து கிலோமீட்டர். பருத்திப்பட்டு வரை பிரச்சினை இல்லை. அதற்கு அப்புறம் கூவம். கோடைக்காலத்தில் அதை ஆறு என்று சொன்னால் ஆறே சிரிக்கும், ஆனால் அன்று தரைப்பாலத்தின் மேல் முக்கால் அடித் தண்ணீர். இழுப்பு இல்லை, மெதுவாகத் தவழ்ந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஆட்களை நடத்திக் கூட்டிப் போனார்கள். ஏழுமலை வண்டியை நிறுத்தாமல் இறக்கினார், பாதியில் பிளக்கில் தண்ணீர் பட்டு மோட்டார் மூச்சை விட்டது.

"பூட்ச்சு" என்றார் ஏழுமலை. "இத்தோட இது ஸ்டார்ட் ஆவாது கண்ணு."

எங்கள் வண்டிகளுக்கு அந்தக் கவலை இல்லை. கைப்பிடி நெஞ்சுக்கு நேராக இருக்கிறது, சக்கரத்தில் தண்ணீர் பட்டால் பட்டுவிட்டுப் போகிறது. கரைக்காரர் ஒருவர் பாலத்தின் ஓரம் தெரிவதற்குக் கோல் ஊன்றிக்கொண்டு முன்னால் நடக்க, நாங்கள் மூவரும் பின்னாலேயே சுற்றிக்கொண்டு அக்கரை ஏறினோம். பெட்ரோல் வண்டியை ஏழு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அக்கரையில் நின்று, "தள்ளு, தள்ளு, நல்லாத் தள்ளு" என்று நான் கத்தியதை கன்னியம்மா அக்கா இன்றுவரை மன்னிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க என் வண்டியைத் தள்ளட்டுமா என்று கேட்டவர்களே அதிகம். அன்றைக்கு ஒரு தடவை நான் கரையில் நின்று மேற்பார்வை பார்த்தேன், அந்த சுகம் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது.

மோட்டாரைத் துடைத்துக் காயவைத்துக் கிளப்ப முக்கால் மணி நேரம். பூந்தமல்லி போய்ச் சேரும்போது பத்தே முக்கால். பள்ளி மைதானத்தைப் பார்த்ததும் கை சுற்றுவதை நிறுத்தினேன். நாற்று நடலாம், அப்படிப்பட்ட சேறு. அதிகாரி அம்மா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது, ஆனால் பேச்சில் இல்லை.

"நிஜமாவே வந்துட்டீங்களா? சரி. எங்க ஆடுவீங்க? இங்க நான் செருப்போட நடக்கவே முடியலை."

அப்போது ஏழுமலைதான், "நசரத்பேட்டைல ஒரு ரைஸ் மில்லு கீதுமா. நான் தவிடு ஏத்தற எடம். சிமெண்ட்டுக் களம், மழ உட்டு ஒரு மணி நேரத்துல காஞ்சிடும்" என்றார். பெங்களூர் ரோட்டில் மூன்று கிலோமீட்டர். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "நான் காஞ்சிபுரம் போற வழிதானே. போகும்போது நிறுத்தறேன். பத்து நிமிஷம், அதுக்கு மேல கிடையாது."

என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாகக் கை சுற்றியதில்லை. லாரிகள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போக, அரை மணிக்குள் மில் வாசலில் நின்றோம். களம் பளிச்சென்று காய்ந்திருந்தது. மழையென்பதால் நெல் கொட்டவில்லை, காலியாகக் கிடந்தது. தேவராஜ் கேட் கம்பிக்கு வெளியே குனிந்து, கன்னத்தைத் தரையில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். களம் நடுவில் லேசாக மேடு, ஓரத்தில் தாழ்வு. எங்கள் தரைக்கு என்ன கேடு என்பது அவனுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. "பதினஞ்சு நாளு மட்டம் பாத்தோம் கலா. நம்மள மாதிரி முட்டாப்பசங்க ஒலகத்துல கெடையாது" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

மில் மேஸ்திரி சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் ஆடிக்கொள்ளச் சொன்னார், ஆனால் என் வண்டிச் சக்கரத்தைக் காட்டினார்.

"இத்த உள்ள ஏத்தாதீங்க. எம்மாஞ் சேறு பாரு. நெல்லு காயற எடம். செருப்பே போட மாட்டோம். ஓனரு பாத்தா எனக்குத்தான் பேஜாரு."

அவர் சொன்னதில் தப்பில்லை. சோறு காயும் இடத்தில் ரோட்டுச் சேற்றை ஏற்ற முடியுமா? ஆனால் கேட்டிலிருந்து களத்துக்கு நாற்பதடி. வாசலில் டீக்கடை, டீக்கடையில் பத்துப் பதினைந்து பேர், எதிரே லாரி மேல் மூட்டை தூக்குகிறவர்கள். எல்லோரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பிடியை விடவில்லை. இருபத்துமூன்று கிலோமீட்டர் வந்தது பெரிதாகத் தெரியவில்லை, அந்த நாற்பதடி தெரிந்தது. தேவராஜுக்கு என் வைராக்கியம் தெரியும். தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டிருந்தால் நான் திரும்பி வண்டியைக் கிளப்பியிருப்பேன். நல்லவேளை, அவன் கேட்கவில்லை.

கன்னியம்மா அக்கா செருப்பைக் கழற்றிப் போட்டார். முந்தானையை இழுத்துச் செருகினார். கேட்டுக்கு உள்ளே ஒரு அடி வைத்து, பொத்தென்று தரையில் உட்கார்ந்தார்.

"இன்னாத்துக்கு இம்மா யோசன? ஆட்டமே ஒக்காந்து ஆடற ஆட்டம். அங்கப் போயி ஒக்காறத இங்கியே ஒக்காந்தா இன்னா?"

சொல்லிவிட்டுக் கையை ஊன்றி நகர ஆரம்பித்தார். அடுத்து தேவராஜ் உட்கார்ந்தான். பேச்சியம்மாள் தன் நீளக் காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்தார். சைக்கிள்காரர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். கட்டை ஊன்றும் இருவரும் கட்டைகளைச் சுவரில் சாய்த்தார்கள். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. நான் இறங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை, கை தரையில் இருந்தது. அந்த நாற்பதடியை நாங்கள் பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரிதான் கடந்தோம்.

கம்பங்களுக்கு அடியில் தேவராஜ் தகடு வைத்து வெல்டு செய்திருந்தான், வைத்த இடத்தில் நின்றன. பக்கத்துக்கு ஆறு பேராகப் பிரிந்தோம். ஆட்டம் சூடு பிடித்த பிறகுதான் ஜீப் வந்தது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை, அதுதான் உண்மை. பதிமூன்றுக்குப் பதிமூன்றில் நின்ற ஆட்டம் அது. பேச்சியம்மாள் எறிந்ததை கன்னியம்மா அக்கா பக்கவாட்டில் சரிந்து ஒரு கையால் பிடித்தார். டீக்கடைக் கூட்டம் கேட்டை விட்டு உள்ளே வந்து, மேஸ்திரி சொல்லாமலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கூச்சல் போட்டது. மேஸ்திரி யார் பக்கம் என்றே தெரியவில்லை, இரண்டு பக்கத்துக்கும் குதித்தார். கடைசிப் புள்ளி நான் எறிந்தது. தேவராஜுக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி, அதில் இறக்கினேன். பதினைந்துக்குப் பதிமூன்று. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

திரும்பிப் பார்த்தால் அதிகாரி அம்மா களத்து ஓரத்தில் நிற்கிறார், வெறுங்காலோடு. பத்து நிமிடம் என்றவர் வந்து அரை மணி ஆகியிருந்தது. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்ததாக அப்புறம் ஏழுமலை சொன்னார்.

"வெளியில மூணு வண்டி, ரெண்டு ஜோடி கட்டை நிக்குது" என்றார் அதிகாரி. "அஞ்சு பேர். யார் அந்த அஞ்சு பேர்?"

கன்னியம்மா அக்கா விடுவாரா?

"இம்மா நேரம் பாத்துகினுதான இருந்தீங்க தாயி? நீங்களே சொல்லுங்க."

அதிகாரிக்கும் ஒரு உற்சாகம் வந்துவிட்டது. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முதலில் கன்னியம்மா அக்காவையே காட்டினார். அடுத்து தேவராஜைத் தாண்டிப் பேச்சியம்மாள். சைக்கிளில் வந்த ஒருவன். என்னிடம் வந்தார், ஒரு நொடி பார்த்தார், அடுத்த ஆளைப் பார்த்தார். முந்தின நாள் என்னோடு பேசியவர்தான், ஆனால் அன்று அவர் பார்த்தது என் வண்டியைத்தான், முகத்தை அல்ல. பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்த எந்தக் கண்ணும் முதலில் காலில்தான் போய் நிற்கும். இவர் கடந்து போய்விட்டார்.

"சரி, இப்ப எல்லாரும் எழுந்திருங்க" என்றார்.

கன்னியம்மா அக்கா முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பேச்சியம்மாள் எழுந்தார், எழுந்துகொண்டே இருந்தார், அவர் உயரத்தைப் பார்த்து அதிகாரி இரண்டு அடி பின்னால் போனார். ஏழு பேர் எழுந்தார்கள். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா வாயில் கை வைத்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அந்தக் கண்டிப்பான முகம் எங்கே போனதோ தெரியவில்லை. ஜீப் பானட்டின் மேல் கோப்பை விரித்து, தலைப்பு என்று இருந்த இடத்தில் ஒரே சொல் எழுதினார்: பொது. கீழே கையெழுத்து. டீக்கடைக்காரர் எல்லோருக்கும் டீ இலவசமாகக் கொடுத்தார், ஏழுமலை மட்டும் இரண்டு குடித்தார்.

திடல் அங்கேதான் இருக்கிறது. லாரி ஸ்டாண்ட் வேறெங்கோ போனது. தேவராஜ் தரை மேல் இன்னொரு பூச்சு போட்டு, நடுவில் இரண்டு விரல் உயரம் கொடுத்து, மழை பெய்தால் பெருமையாக வந்து நின்று தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பான். பெயர்ப் பலகை எழுத வந்தவர், ஊனமுற்றோர் திடல் என்று போட்டால் ஊரில் மரியாதை கிடைக்கும் என்று யோசனை சொன்னார். அன்றைக்கு அவர் பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடாத குறைதான். அரசுப் பணம் என்றால் யாரோ நமக்கு இரங்கிக் கொடுப்பது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் உண்டு. நசரத்பேட்டையில் அது போயே போய்விட்டது. ஊர்ப் பணம், நாமும் ஊர்.

இப்போது போகிறவர்களுக்கு: நான் கொடுத்த நேரமும் காசும் அந்தக் காலத்துக் கணக்கு, தூரம் மட்டும் மாறாது. விடியும் முன் கிளம்புங்கள், ஆவடியில் வயிற்றை நிரப்பிக்கொள்ளுங்கள், கையுறை கண்டிப்பாக வேண்டும். தரைப்பாலம் எதையும் மழைக்காலத்தில் நம்பாதீர்கள், தண்ணீர் ஓடினால் சுற்றிப் போங்கள், எங்களைப் பார்த்து வீரம் காட்ட வேண்டாம். பெங்களூர் ரோட்டில் இன்று கைவண்டி ஓட்டுவது ஆபத்து, நசரத்பேட்டை வரை தாழ்தள பஸ் கிடைக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். உங்கள் ஊரில் திடலுக்கு நிதி கேட்டு மனுப் போடுகிறவர்கள் எந்தத் தலைப்பில் கேட்பது என்று யோசித்தால், தயங்காமல் "பொது" என்று எழுதுங்கள்.

கள்ளிக்குப்பம் பக்கம் வந்தால் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் திடலுக்கு வாருங்கள். ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பதற்கு நாங்கள் இடம் கட்டவில்லை, அதற்கு நிதியும் கேட்கவில்லை. செருப்பை விட்டுவிட்டு உட்காருங்கள். பந்து உங்கள் பக்கம் வரும்.